சித்திரப்படமும் மேடையும்: அமெரிக்க இசைநாடகத்தில் நடிகரின் இடம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலை வரலாறு என்பது படைப்புகளின் வரலாறு மட்டுமன்று; அப்படைப்புகளைத் தம் உடலாலும் குரலாலும் ஆக்கித் தந்தோரின் வரலாறுமாகும். இவ்வுண்மையை ஏட்டளவில் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் நாடக வரலாறுகளைப் புரட்டும்போது ஆசிரியரும் நெறியாளரும் அரங்க உரிமையாளரும் பெறும் இடத்தை நடிகர் பெறுவதில்லை. நடிகருள்ளும் தலைமைப் பாத்திரம் ஏற்றோர் பெறும் இடத்தைக் குழுப்பாடகரும் ஆடுநரும் பெறுவதில்லை. 1990களின் பின்னர் பெருவழக்குற்ற ஒரு நாடக வகையைப் பொறுத்தவரை இக்குறைபாடு மேலும் கூர்மையாகத் தெரிகின்றது. கார்ட்டூன் எனப் பொதுவழக்கில் கூறப்படும் சித்திரப்படங்களைத் தழுவி அமெரிக்க மேடையில் எழுந்த இசைநாடகங்களையே நாம் இங்கு கருதுகின்றோம்.

இசைநாடகம் என்றதும் நம்மவர் நினைவில் எழுவது சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த மேடை மரபாகும். இக்கட்டுரையில் அச்சொல்லை நாம் வேறொரு பொருளிற் கையாளுகின்றோம். உரையாடல், பாட்டு, குழு ஆடல் ஆகிய மூன்றும் ஒரே கதையை நடத்திச் செல்லுமாறு நியூயோர்க்கின் புறோட்வே அரங்குகளிலும் லண்டன் அரங்குகளிலும் வளர்ந்த 'மியூசிக்கல்' எனும் வகையையே அது ஈண்டுச் சுட்டும்.

இவ்வகை நாடகங்களைச் சிறுவர் கேளிக்கை என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவை எழுப்பும் வினா சிறிதன்று. சித்திரப்படத்தில் நடிகரின் உடல் இல்லை. வரையப்பட்ட உருவமே உண்டு. அவ்வுருவம் ஒரு நிறுவனத்தின் சொத்து. அதே கதை மேடைக்கு வரும்போது மனித உடல் இன்றியமையாததாகின்றது. அவ்வாறாயின் பாத்திரம் யாருக்கு உரியது? வரைந்த நிறுவனத்துக்கா, அதற்கு நாள்தோறும் உயிர் கொடுக்கும் நடிகருக்கா? சித்திரப்பட இசைநாடகத்தின் வரலாறு இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட வெவ்வேறு விடைகளின் வரலாறே என்பது எமது கருத்து.

1. குரல் வேறு, உருவம் வேறு

வால்ட் டிஸ்னியின் 'சுனோ வைற்' என்னும் முழுநீளச் சித்திரப்படம் 1937இல் வெளியாயிற்று. அதன் கதாநாயகிக்குக் குரல் கொடுத்தவர் அட்ரியானா காசெலொட்டி எனும் இளம் பாடகி. அக்கதாநாயகியின் அசைவுகளை ஓவியர் வரைவதற்கு மாதிரியாக ஆடிக் காட்டியவர், பிற்காலத்தில் மார்ஜ் சம்பியன் எனப் புகழ்பெற்ற நடனக் கலைஞர். அவர் அப்போது பதின்ம வயதினர். அவர் ஆடியதைப் படம்பிடித்து, அப்படத்தைத் துணையாகக் கொண்டே ஓவியர்கள் கோடுகளை இட்டனர். ஒருத்தியின் குரல், வேறொருத்தியின் உடலசைவு, பல ஓவியரின் கைவண்ணம் ஆகியன இணைந்தே அப்பாத்திரம் உருவாயிற்று. ஆயினும் திரையில் அவ்விரு பெண்களின் பெயரும் இடம்பெறவில்லை. பார்ப்போர் கண்டது 'டிஸ்னியின் சுனோ வைற்' என்னும் ஒருத்தியை மட்டுமே.

இது தற்செயலான மறதியன்று. பாத்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பது மறைக்கப்படுமளவுக்கே அப்பாத்திரம் நிறுவனத்தின் தனிச்சொத்தாக நிலைபெறும். வால்ட்டர் பென்யமின் 1936இல் வெளியான தமது புகழ்பெற்ற கட்டுரையில், மேடை நடிகரின் நேர்முன்னிலை திரைப்படத்தில் இழக்கப்படுவதைச் சுட்டிக் காட்டினார். திரைப்பட நடிகர் தம் நேர்முன்னிலையை மட்டுமே இழந்தார். சித்திரப்பட நடிகரோ முகத்தையும் பெயரையும் சேர்த்து இழந்தார்.

ஓவியரின் நிலையும் இதனின் மிக வேறுபட்டதன்று. ஊதிய ஏற்றத்தாழ்வு, திரையிற் பெயர் இடம்பெறாமை, தொழிற்சங்கத்தை ஏற்க நிறுவனம் மறுத்தமை ஆகியன காரணமாக 1941 மே 29இல் டிஸ்னி கலைக்கூடத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. முன்னணி ஓவியரான ஆர்ட் பபிற் சங்கச் செயற்பாட்டின் பேரில் வேலைநீக்கம் செய்யப்பட்டமை அதன் உடனடிக் காரணமாயிற்று. சில வாரங்களின் பின், சமரச முயற்சியின் பயனாக, சங்கம் அங்கீகாரம் பெற்றது. கற்பனை உலகின் தொழிற்சாலையும் தொழிற்சாலையே என்பதை அப்போராட்டம் உணர்த்திற்று. மேடைக்கு வந்த பின்னரும் தொடர்ந்த முரண்பாட்டின் முதல் அத்தியாயம் இதுவே.

2. மேடையிலிருந்து திரைக்கு, திரையிலிருந்து மேடைக்கு

சித்திரப்படம் மேடைக்குச் சென்றது என்று கூறுவது பாதி உண்மையே. அதற்கு முன்னரே மேடை சித்திரப்படத்துக்குள் புகுந்திருந்தது. பாடலாசிரியர் ஹவார்ட் அஷ்மனும் இசையமைப்பாளர் அலன் மென்கனும் புறோட்வேக்குப் புறத்தேயுள்ள சிற்றரங்கில் 1982இல் அரங்கேறிய 'லிற்றில் ஷொப் ஒவ் ஹொறர்ஸ்' என்ற இசைநாடகத்தின் மூலம் பெயர்பெற்றவர்கள். இவ்விருவரும் டிஸ்னி நிறுவனத்துக்காக 'கடற்கன்னி' (1989), 'அழகியும் விலங்கும்' (1991) ஆகிய படங்களுக்குப் பாடல் அமைத்தபோது, புறோட்வே இசைநாடகத்தின் கட்டமைப்பையே சித்திரப்படத்துக்குள் கொண்டுவந்தனர். கதாநாயகி தன் ஏக்கத்தைத் தொடக்கத்திலேயே ஒரு பாடலில் வெளியிடுவதும், குழுப்பாடல் ஒன்றினால் ஊரும் மாந்தரும் அறிமுகமாவதும், கதைத் திருப்பங்கள் பாடலுக்குள்ளேயே நிகழ்வதும் மேடை மரபின் உத்திகளாம். குரல் கொடுத்தோரும் பெரும்பாலும் மேடையில் பயின்றோரே. கடற்கன்னிக்குக் குரல் தந்த ஜோடி பென்சன், 1986இல் அஷ்மனின் 'ஸ்மைல்' என்ற புறோட்வே நாடகத்தில் நடித்தவர். 'அழகியும் விலங்கும்' படத்திற் குரல் கொடுத்த அஞ்செலா லான்ஸ்பெரி, ஜெறி ஓர்பக் ஆகியோர் இசைநாடக மேடையின் மூத்த கலைஞர்கள்.

அஷ்மன் எயிட்ஸ் நோயினால் 1991 மார்ச்சில் மறைந்தார். படம் முழுமையாக வெளிவந்ததை அவர் காணவில்லை. அவ்வாண்டின் சிறந்த புறோட்வே இசை ஒரு சித்திரப்படத்திலேயே கேட்கிறது என 'நியூயோர்க் ரைம்ஸ்' நாடக விமர்சகர் பிராங் றிச் அப்போது எழுதினார். அக்கூற்றில் பாராட்டுடன் புறோட்வேயின் வறட்சி பற்றிய கண்டனமும் இருந்தது. டிஸ்னி நிறுவனம் அதனைத் தனக்கான அழைப்பாகவே கொண்டது எனலாம்.

'அழகியும் விலங்கும்' 1993இன் இறுதியில் ஹூஸ்ரன் நகரில் வெள்ளோட்டம் கண்டு, 1994 ஏப்ரில் 18இல் புறோட்வேயின் பலஸ் அரங்கில் அரங்கேறியது. நெறிப்படுத்திய றொபேட் ஜெஸ் றொத், டிஸ்னியின் பொழுதுபோக்குப் பூங்காக்களில் மேடை நிகழ்ச்சிகளை அமைத்துப் பழகியவர். சூசன் ஈகன் அழகியாகவும் ரெறன்ஸ் மான் விலங்காகவும் தோன்றினர். விமர்சகர் பலர் இதனைப் பூங்கா நிகழ்ச்சியின் விரிவாகவே கருதினர். அவ்வாண்டு ரோனி விருதுகளில் உடையமைப்புக்காக ஆன் ஹூல்ட்-வார்ட் பெற்ற ஒரு விருதே அதற்குக் கிடைத்தது. மக்கள் ஆதரவோ வேறுவிதமாக அமைந்தது. 2007 யூலை 29 வரை 5,461 தடவை அது மேடையேறியது.

இந்நாடகத்திற் செய்யப்பட்ட ஒரு மாற்றம் ஆழ்ந்து நோக்கற்பாலது. படத்தில் மாளிகைப் பணியாளர் சாபத்தினால் மெழுகுதிரித் தண்டாகவும் கடிகாரமாகவும் தேநீர்ச் சாடியாகவும் முற்றாக மாறிவிட்டவர்கள். சித்திரத்தில் இது இயல்வதே. மேடையில் ஒரு நடிகரை முழுத் தேநீர்ச் சாடியாக்கிவிட்டால் நடிப்புக்கு இடமில்லை. ஆகவே மேடைப் பிரதியில், பணியாளர் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகப் பொருளாக மாறிக்கொண்டிருக்கின்றனர் என்று கதை திருத்தப்பட்டது. நேற்றிருந்த கை இன்று உலோகமாகின்றது. முதுகில் இன்று ஒரு சாவி முளைத்திருக்கின்றது. மனிதர் பொருளாகிவிடும் அச்சம் இதனால் நாடகத்தின் உயிர்நாடியாயிற்று. படத்திலிருந்து நீக்கப்பட்டிருந்த, மீண்டும் மனிதராகும் ஏக்கத்தைக் கூறும் அஷ்மனின் பாடலொன்றும் மேடையில் இடம்பெற்றது. மாக்சியச் சிந்தனையாளர் சடப்பொருளாதல் என வருணிக்கும் நிலையைச் சித்திரிக்க டிஸ்னி நிறுவனம் எண்ணியிருக்காது. ஆனால் மனித உடலை மேடையேற்ற வேண்டிய கட்டாயம், கதையை அத்திசையில் நகர்த்திவிட்டது. வடிவத்தின் தேவை பொருளை மாற்றியமைத்தமைக்கு இது தெளிவான சான்றாகும்.

3. நாற்பத்திரண்டாம் தெருவும் நிறுவன அரங்கும்

நாடகம் அந்தரத்தில் நிகழ்வதன்று. அதற்கு ஓர் இடமும் அவ்விடத்துக்கு ஓர் உரிமையாளரும் உளர். நியூயோர்க்கின் 42ஆம் தெருவிலுள்ள நியூ அம்ஸ்ரர்டாம் அரங்கு 1903இல் திறக்கப்பட்டது. சீக்பெல்டின் பெயர்பெற்ற ஆடல் நிகழ்ச்சிகள் அங்கு நடைபெற்றன. 1930களின் பொருளாதார மந்தத்தின் பின் அது திரைப்பட மாளிகையாகி, காலப்போக்கில் மூடப்பட்டுச் சிதைந்தது. அத்தெரு முழுவதுமே மலிவான படமாளிகைகளுக்கும் பாலியல் வணிகத்துக்கும் பேர்போனதாயிற்று. 1990களில் மாநில அரசும் நகர நிருவாகமும் குறைந்த வட்டிக்குக் கடன் வழங்க, டிஸ்னி நிறுவனம் அரங்கைப் புதுப்பித்தது. 1997இல் அது மீண்டும் திறக்கப்பட்டது.

அரங்கு மீட்கப்பட்டது நன்றே. ஆனால் பொதுப்பணத்தின் துணையோடு ஒரு பெருநிறுவனம் நகரின் நடுவே காலூன்றியதும், நிலமதிப்பு உயர்ந்ததும், சிறுதொழில் புரிந்தோரும் வறியோரும் அத்தெருவிலிருந்து அகற்றப்பட்டதும் ஒரே நிகழ்வின் பக்கங்களே. அதுவரை புறோட்வே நாடகங்கள் பெரும்பாலும் தனிப்பட்ட தயாரிப்பாளர்கள் பலரிடம் முதல் திரட்டி நடத்தியவையாகும். திரைப்படம், தொலைக்காட்சி, இசைத்தட்டு, விளையாட்டுப் பொருள் அனைத்தையும் ஒரே கையில் வைத்திருந்த ஒரு நிறுவனம் நாடகத்தையும் அவ்வரிசையிற் சேர்த்தது புதிய கட்டமாகும். கமரன் மக்கின்ரோஷ் போன்றோர் 1980களில் லண்டனிலிருந்து தொடக்கிவைத்த முறை, அதாவது ஒரே தயாரிப்பை இம்மியும் பிசகாது உலக நகரங்கள்தோறும் மறுபிரதி செய்யும் முறை, டிஸ்னிக்கு ஆயத்த வழியாக அமைந்தது.

4. 'சிங்கராசா': மறையாத நடிகர்

இச்சூழலிலேயே 'சிங்கராசா' எனத் தமிழிற் கூறத்தக்க 'லயன் கிங்' எழுந்தது. 1994இல் வெளியான படத்தைத் தழுவிய இந்நாடகம் 1997 யூலையில் மின்னியாப்பொலிஸ் நகரில் முதன்முதல் மேடையேறி, அவ்வாண்டு நவம்பர் 13இல் நியூ அம்ஸ்ரர்டாம் அரங்குக்கு வந்தது. நெறியாளர் ஜூலி ரேமர் வணிக அரங்குக்குப் புறத்தே பரிசோதனை நாடகங்களில் ஈடுபட்டு வந்தவர். பள்ளி மாணவியாக இருந்தபோது பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டமொன்றின் கீழ் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து சென்றவர். பின்னர் பாரிசில் ஊமநடிப்புப் பயின்று, 1970களில் இந்தோனேசியாவில் பல ஆண்டுகள் தங்கி, உள்ளூர்க் கலைஞரையும் பிறநாட்டவரையும் சேர்த்து ஒரு நாடகக் குழுவை நடத்தியவர். இலங்கைப் பயணத்துக்கும் இந்நாடகத்துக்கும் நேர்த்தொடர்பு காட்ட முனைவது வலிந்து பொருள்கோடலாகும். ஆனால் சாவகத்தின் நிழற்பாவைக் கூத்தும் யப்பானின் புன்ராக்கு பாவையாட்டமும் அவரது ஆக்கத்திற் பதித்த தடம் வெளிப்படையானது.

புன்ராக்குவில் பாவையை இயக்குவோர் பார்வையாளர் கண்முன்னேயே நிற்பர். ரேமர் இதனைத் தம் நாடகத்தின் அடிப்படை நெறியாக்கினார். சிங்கத்தின் முகமூடி நடிகரின் முகத்தை மறைப்பதில்லை. தலைக்கு மேல் நிற்கின்றது. சினங்கொண்டு குனியும்போது மட்டும் அது முன்வந்து முகத்துக்கு நேராகின்றது. கைகளிலும் கால்களிலும் பொய்க்கால் பூட்டிய நடிகர் ஒட்டகச்சிவிங்கியாக நடந்து வருகின்றார். புற்றரையைத் தலையிற் சுமந்த ஆடுநர் சமவெளியாகின்றனர். வட்டமாக விரிக்கப்பட்ட நீலப்பட்டு நடுத்துவாரத்தினூடாக உள்ளிழுக்கப்பட, நீர்நிலை வற்றி வறட்சி வருகின்றது. பெண்சிங்கங்கள் கண்களிலிருந்து வெண்துணி நாடாக்களை உருவி அழுகின்றன. பாவைகளும் முகமூடிகளும் ரேமராலும் மைக்கல் கறியாலும் உருவாக்கப்பட்டவை, இருநூறுக்கு மேற்பட்டவை. விலங்கையும் அதனை ஆக்கும் மனிதரையும் பார்வையாளர் ஒருங்கே காண்கின்றனர். பிறெக்ற் வேண்டிய தூரப்படுத்தலுக்கு இது புறத்தோற்றத்தில் அணித்தானது. ஆனால் பிறெக்ற்றின் நோக்கம் சமூக உறவுகளைச் சிந்திக்கத் தூண்டுவது. இங்கோ விளைவு வியப்பே. இவ்வேறுபாட்டை மறந்து உத்தியை மட்டும் போற்றுவது முறையாகாது.

ஆயினும் 1937இல் மறைக்கப்பட்ட நடிகர், அறுபதாண்டுகளின் பின் அதே நிறுவனத்தின் மேடையில் மறைக்கப்படாது நின்றார் என்பது வரலாற்று முக்கியத்துவமுடையது. 1998இல் இந்நாடகம் ஆறு ரோனி விருதுகளைப் பெற்றது. இசைநாடக நெறியாள்கைக்காக அவ்விருதைப் பெற்ற முதற் பெண்மணி ரேமரே. ஆடலமைத்த கார்த் பேகன் யமேக்காவிற் பிறந்தவர்.

கதைப்பொருளைப் பொறுத்தவரை நாடகம் படத்திலிருந்து பெரிதும் விலகவில்லை. பரம்பரை அரசுரிமையே இயற்கையின் ஒழுங்கு. அவ்வொழுங்கு குலைந்தால் நிலம் வறளும். உரிய வாரிசு மீண்டால் மழை பெய்யும். விளிம்பில் வாழும் கழுதைப்புலிகள் பசித்திருப்பது அநீதியாகக் காட்டப்படவில்லை. அவை எல்லைக்குள் வருவதே கேடாகக் காட்டப்படுகின்றது. இவ்வரசியல் பிற்போக்கானது என்பதில் ஐயமில்லை. மேடையில் நிகழ்ந்த திருத்தங்களும் உள. படத்தில் ஆணாக இருந்த குரங்குப் பூசாரி றபிக்கி, மேடையில் பெண்ணாக, தென்னாபிரிக்க மருத்துவச்சியின் சாயலில் அமைக்கப்பட்டது. அப்பாத்திரத்தை முதலில் ஏற்ற சிடி லெ லோக்கா தென்னாபிரிக்கப் பாடகி. நாலா என்னும் பெண்சிங்கத்துக்குத் தனிப்பாடலும், கொடுங்கோலனின் விருப்பத்தை மறுத்து ஊரை நீங்கும் துணிவும் தரப்பட்டன.

இசையிலேயே ஆழ்ந்த மாற்றம் நிகழ்ந்தது. எல்ற்றன் ஜோன், ரிம் றைஸ் ஆகியோரின் பாடல்களோடு, சொவெற்றோவில் பிறந்து நிறவெறி ஆட்சிக் காலத்தில் நாட்டை விட்டு வெளியேறிய லெபோ எம் அமைத்த குழுப்பாடல்கள் நாடகத்தின் முதுகெலும்பாயின. ஸூலு, க்ஷோசா, சோத்தோ, ஸ்வாகிலி முதலிய மொழிகள் மொழிபெயர்க்கப்படாமலே ஒலித்தன. உலகின் எந்நகரில் இந்நாடகம் மேடையேறினாலும் குழுவில் தென்னாபிரிக்கப் பாடகர் இடம்பெறுவது வழக்கமாயிற்று. 2007இல் ஜொகான்னஸ்பேர்க்கிலும் அது மேடையேறியது. பல தென்னாபிரிக்கக் கலைஞருக்கு இந்நாடகம் உலக அரங்கின் வாயிலாயிற்று. அதே வேளையில், வரலாறும் நாடும் மக்களும் பெயரும் அற்ற ஒரு 'ஆபிரிக்கா'வுக்குக் குரல் வழங்கும் பணியே அவர்களுக்கு வாய்த்தது. இவ்விரு கூற்றுகளையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

5. ஒரு பாடலின் பயணம்

மேற்கூறிய முரண்பாடு உருவகமன்று, சட்டமும் பணமும் சார்ந்த மெய்ம்மை என்பதைச் சொலமன் லிண்டாவின் வரலாறு காட்டும். நேற்றால் பகுதியின் ஸூலு இனத்தவரான அவர் 1939இல் ஜொகான்னஸ்பேர்க்கில் தம் குழுவினருடன் 'ம்புபே' எனும் பாடலை ஒலிப்பதிவு செய்தார். ம்புபே என்பதற்குச் சிங்கம் என்பது பொருள். பதிவு செய்த காலோ நிறுவனத்திலேயே அவர் சாதாரண தொழிலாளி. பாடலின் உரிமை 10 சிலிங்குக்குக் கைமாறியதாகக் கூறப்படுகின்றது. அப்பாடல் பாணியே பின்னர் ம்புபே என்ற பெயரால் வழங்கலாயிற்று. 1950களின் தொடக்கத்தில் பீற் சீகர் சார்ந்த வீவர்ஸ் குழுவினரும், 1961இல் ஆங்கிலச் சொற்கள் புனைந்து ரோக்கன்ஸ் குழுவினரும் அதனைப் பாடினர். உலகெங்கும் பரவிய அப்பாடல் 'சிங்கராசா' படத்திலும் நாடகத்திலும் இடம்பெற்றது. லிண்டாவோ 1962இல் வறுமையில் மறைந்தார். அவருடைய புதல்வியர் சொவெற்றோவில் எளிய வாழ்வு வாழ்ந்தனர்.

தென்னாபிரிக்க எழுத்தாளர் றியான் மலான் 2000ஆம் ஆண்டில் இவ்வரலாற்றை விரிவாக எழுதியபின் உலகின் கவனம் திரும்பியது. 2004இல் லிண்டாவின் வாரிசுகள் சார்பில் தென்னாபிரிக்க நீதிமன்றத்தில் டிஸ்னி நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. வழக்கின் அடிப்படை வியப்புக்குரியது. பிரித்தானியப் பேரரசின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஆசிரியர் தம் உரிமையை விற்றிருந்தாலும், அவர் மறைந்து 25 ஆண்டுகளின் பின் அவ்வுரிமை வாரிசுகளிடம் மீளும். இதன்படி 1987இலேயே உரிமை குடும்பத்துக்கு மீண்டிருந்தது என வாதிடப்பட்டது. டிஸ்னி நிறுவனம் பாடலின் உரிமையைக் கோரிய ஓர் அமெரிக்க வெளியீட்டாளரிடமிருந்தே அனுமதி பெற்றிருந்தது. தீர்ப்புக்கு முன்னரே 2006இல் அவ்வெளியீட்டாளருடன் இணக்கம் காணப்பட்டு, குடும்பத்துக்குப் பங்கு கிடைத்தது.

அதே பேரரசுச் சட்டம் இலங்கையிலும் 1979ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துக் கோவைச் சட்டம் வரும்வரை நடைமுறையில் இருந்தது. ஆகவே குடியேற்ற ஆட்சியின் கீழ் ஒலிப்பதிவு நிறுவனங்களுக்குச் சிறுதொகைக்குப் பாடிக் கொடுத்த கலைஞர் பற்றிய வினா நமக்கும் அந்நியமானதன்று. குடியேற்ற ஆட்சி கொண்டுவந்த சட்டமொன்று, அவ்வாட்சியினால் ஒடுக்கப்பட்ட ஒருவரின் புதல்வியருக்குக் கருவியாயிற்று என்பது வரலாற்றின் முரண்நகை. ஆனால் அக்கருவியைத் தேடியெடுக்க ஓர் எழுத்தாளரும் சட்டவறிஞரும் ஒரு மக்கள் அபிப்பிராயமும் தேவைப்பட்டமையை நாம் மறத்தலாகாது. உரிமை தானாக மீளவில்லை.

6. மீளவும் நடிகர்

இனி நடிகரின் அன்றாட நிலையை நோக்குவோம். மறுபிரதி முறையின் உள்ளார்ந்த நோக்கம், எந்நடிகரையும் மாற்றீடு செய்யக்கூடியவராக்குவதாகும். விளம்பரத் தட்டியில் நடிகரின் பெயரோ முகமோ இல்லை. சிங்கத்தின் தலை மட்டுமே உண்டு. முதன்முதல் அப்பாத்திரத்தை ஏற்ற நடிகர் ஒத்திகைக் காலத்தில் கண்டடையும் அசைவும் குரல்நயமும் குறித்துவைக்கப்பட்டு, பின்வருவோர் பின்பற்றும் அச்சாகின்றன. 2014ஆம் ஆண்டளவில் இந்நாடகத்தின் உலக வருவாய் 620 கோடி டொலரைத் தாண்டி, அதுவரை எந்தவொரு திரைப்படமும் ஈட்டாத தொகையாயிற்று எனக் கணிக்கப்பட்டது. அவ்வச்சை ஆக்கியோர் பெற்றது வாரக்கூலியே.

மறுபுறத்தில், சில நடிகரின் வாழ்க்கை இம்மாற்றீட்டுக் கொள்கையை மறுத்து நிற்கின்றது. 'கடற்கன்னி' படத்தில் செபஸ்ரியன் என்ற நண்டுக்குக் குரல் கொடுத்தவர் சாமுவெல் ஈ. றைற். அவர், 1997இல் 'சிங்கராசா' நாடகத்தில் முபாசா என்னும் அரசனாக உடலோடு தோன்றி, ரோனி விருதுக்கு முன்மொழியப்பட்டார். அவர் 2021இல் மறைந்தார். ஜொனதன் பிறீமன் 1992இல் வெளியான 'அலாவுதீன்' படத்தில் ஜபார் எனும் தீய அமைச்சனுக்குக் குரல் தந்தவர். 2014இல் அக்கதை நியூ அம்ஸ்ரர்டாம் அரங்கில் மேடையேறியபோது, அதே பாத்திரத்தை அவரே ஏற்று 2022 வரை நடித்தார். இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் ஒரு குரல் தன் உடலைச் சேர்ந்தது எனலாம். அட்ரியானா காசெலொட்டிக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்குக் கிடைத்தது. 'அழகியும் விலங்கும்' நாடகத்தில் 1998இல் ரோனி பிறக்ஸ்ரன் கதாநாயகியானபோது, புறோட்வேயில் அப்பாத்திரத்தை ஏற்ற முதற் கறுப்பினப் பெண்ணாக அவர் விளங்கினார். அவருக்கெனப் புதிய பாடல் ஒன்றும் எழுதப்பட்டு, அவர் விலகிய பின்னும் நாடகத்தில் நிலைத்தது. வரைந்த உருவம் வெள்ளையினத்தவளுடையது. மேடை அவ்வரம்பைக் கடந்தது. மாற்றீடு செய்யப்பட வேண்டிய நடிகர், பாத்திரத்தையே மாற்றிவிட்ட சந்தர்ப்பம் இது.

உடல் மேடைக்கு வருகையில் இடரும் வருகின்றது. 'கடற்கன்னி' 2008 ஜனவரியில் மேடையேறியபோது, நீந்துவது போன்ற தோற்றத்துக்காக நடிகர் சில்லுப் பூட்டிய காலணிகளுடன் இயங்கினர். அவ்வாண்டு மேயில் குழுநடிகர் ஒருவர் காட்சியமைப்பின் உயரத்திலிருந்து வீழ்ந்து கடுங்காயமுற்றார். கோடுகளால் ஆன கடற்கன்னி களைப்பதுமில்லை, விழுவதுமில்லை. ஆனால் கிழமைக்கு எட்டுக் காட்சிகள் ஆடுவோரின் முழங்காலும் முதுகெலும்பும் தேய்மானத்துக்குரியன.

இந்நாடகத்தின் அரங்கேற்றமே தொழிற் போராட்டம் ஒன்றினாற் பின்தள்ளப்பட்டது. 2007 நவம்பர் 10 முதல் 28 வரை புறோட்வேயின் மேடைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். காட்சியமைப்பை ஏற்றி இறக்கும் வேலைக்கு எத்தனை பேர் அமர்த்தப்படவேண்டும் என்பது அதன் முக்கிய பிணக்கு. டிசம்பர் தொடக்கத்தில் நிகழவிருந்த அரங்கேற்றம் ஜனவரி 10க்குத் தள்ளிப்போயிற்று. பார்வையாளர் கண்ணிற் படாத கைகள் ஓய்ந்ததும் பெருநிறுவனத்தின் கடற்கன்னியும் அசைவற்றாள்.

நடிகர் சங்கத்தின் 2019ஆம் ஆண்டுப் போராட்டம் எமது முதல் வினாவுக்கு நேரடியாக விடை தேடியது. நாடகம் உருவாகும் தொடக்கப் பட்டறைகளில் நடிகர் தம் கற்பனையையும் உடலையும் ஈந்து பாத்திரங்களை வடிவமைக்கின்றனர். நாடகம் வெற்றிபெற்றால் அதன் பயனில் அவர்களுக்குப் பங்குண்டா என்பதே பிரச்சினை. 1970களில் 'கோரஸ் லைன்' நாடகத்தை உருவாக்கிய ஆடுநர் சிறுபங்கு பெற்றமை முன்னுதாரணமாக இருந்தது. 2019 ஜனவரியில் சங்கத்தினர் இத்தகைய பட்டறைகளைப் புறக்கணித்தனர். பெப்ரவரியில், புறோட்வே தயாரிப்பாளர் அமைப்பு, முதலீடு மீண்ட பின் 10 ஆண்டுகளுக்கு இலாபத்தில் 1 வீதத்தை அவ்வாறு பங்காற்றியோருக்கு வழங்க இணங்கியது. தொகை சிறிது, கொள்கை பெரிது. பாத்திரத்தை ஆக்குவதில் நடிகருக்கு ஆசிரியத்துவத்தின் ஒரு கூறு உண்டு என்பதை அவ்விணக்கம் ஏற்றுக்கொண்டது.

2020 மார்ச் 12இல் பெருந்தொற்றினால் புறோட்வே முற்றாக மூடப்பட்டது. 2018இல் மேடையேறிய 'புறோசன்' 825 காட்சிகளுடன் நின்று, மீளத் திறக்கப்படாதெனச் சில வாரங்களில் அறிவிக்கப்பட்டது. நடிகர் வேலையிழந்தனர். அப்பாத்திரங்களோ திரையிலும் விளையாட்டுப் பொருள்களிலும் இடையறாது விற்பனையாயின. 'சிங்கராசா' 2021 செப்ரம்பர் 14இல் மீண்டும் திறந்தது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, சித்திரப்பட இசைநாடகம் திரையின் வெறும் நகலன்று. மனித உடல் புகுந்ததும் கதையும் பாத்திரமும் இசையும் மாறின. பணியாளர் சிறிது சிறிதாகப் பொருளாவதும் றபிக்கி பெண்ணாவதும் அதன் விளைவுகளே. இரண்டாவது, கலைத்தரமும் வணிக நோக்கும் ஒன்றையொன்று முற்றாக விலக்குவன அல்ல. 'சிங்கராசா' இருபதாம் நூற்றாண்டு மேடைக்கலையின் பெறுமதியான ஆக்கங்களுள் ஒன்று. அதே வேளையில் ஒரு பெருநிறுவனத்தின் மிகுந்த இலாபந்தரும் பண்டம். ஒன்றைக் கூறி மற்றொன்றை மறைப்பது ஆய்வாகாது. மூன்றாவது, நடிகரின் பெயர், உடற்பாதுகாப்பு, ஊதியம், உரிமை ஆகியவற்றில் நிகழ்ந்த ஒவ்வொரு முன்னேற்றமும் கொடையாக வரவில்லை. 1941இலும் 2006இலும் 2019இலும் அது கோரிப் பெறப்பட்டது.

நாடக ஆய்வில் ஈடுபடும் மாணவர் இதிலிருந்து கொள்ளத்தக்க முறையியற் பாடம் ஒன்றுண்டு. ஒரு நாடகத்தின் பிரதியையும் நெறியாள்கையையும் ஆராய்வதோடு நில்லாது, அதன் நிகழ்ச்சி நிரல், ஒப்பந்தம், சங்க அறிக்கை, வழக்கு ஏடு ஆகியவற்றையும் நாடக வரலாற்றின் மூலங்களாகக் கொள்ளல் வேண்டும். குழுவில் நின்று பாடியோரின் வாய்மொழிச் சான்றுகள் அவர்கள் வாழும் காலத்திலேயே திரட்டப்படல் வேண்டும். மேடையில் சமவெளியாகத் தலையிற் புல் சுமந்து நின்ற ஆடுநரின் பெயரும் வரலாற்றிற் பதியப்படும்போதே அவ்வரலாறு முழுமையை நோக்கி நகரும்.